ஐந்து சந்தாக்களும் ஒரு கூடமும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றாகும் இடத்தில், பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில், திருமுக்கூடல் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிற் சுவரில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. வரலாற்று மாணவர் பலரும் அறிந்த கல்வெட்டு அது. பள்ளியொன்றும் மாணவர் விடுதியொன்றும் பதினைந்து படுக்கைகளைக் கொண்ட ஆதுலசாலையொன்றும் அங்கே நடந்தன என்பதையும், ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் மருந்து கொணர்வோருக்கும் நோயாளரைப் பேணிய பெண்டிருக்கும் ஆண்டுதோறும் அளக்கப்பட்டது எவ்வளவு என்பதையும் அக்கல் இன்றும் சொல்லிக்கொண்டு நிற்கிறது. எதற்கு எவ்வளவு செலவழிக்கிறோம் என்பதை ஊரறிய எழுதிவைக்கும் துணிவு அக்காலத்தில் இருந்திருக்கிறது.

கல்வெட்டைக் காண்பதற்காக நான் சென்ற மாதம் அங்குப் போகவில்லை. அவ்வூரில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, நீங்க வந்து ஒரு முடிவு சொல்லிட்டுப் போங்க. இவங்க எல்லாத்தையும் நிறுத்தப் போறேன்னு நிக்கிறாங்க. புள்ளைங்க ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்குதுங்க" என்றாள். நிறுத்தப்படவிருந்தவை வீட்டின் ஓடிடி சந்தாக்கள். நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் மதிப்புரை எழுதிப் பழகியவன் என்பதால் இவ்வழக்கில் என்னை நடுவராக அமர்த்தியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து புறப்பட்டு, ஞாயிறு மாலைவரை அங்கே தங்கினேன். அந்த இரண்டரை நாள்களில் பார்த்ததும் கேட்டதும் முன்பே பார்த்து எண்ணியதும் சேர்ந்தவையே இக்கட்டுரை.

மைத்துனர் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றில் கணக்கெழுதுபவர். பிறர் கணக்கைப் பைசா பிசகாமல் எழுதும் அவர் தம் வீட்டுக் கணக்கை எழுதியதில்லை. இருவருமாக அமர்ந்து வங்கிச் செய்திகளைத் தோண்டி எடுத்தோம். நெட்பிளிக்ஸ் மாதம் 499 ரூபாய்; ஆண்டிற்கு 5,988. அமேசான் பிரைம் ஆண்டிற்கு 1,499. ஜியோஹாட்ஸ்டார் ஆண்டிற்கு 899. இவை மூன்றும் சேர்ந்தே 8,386 ரூபாய். சோனிலிவ், ஜீ5 ஆகிய இரண்டையும் கூட்டியபோது தொகை பத்தாயிரத்தைக் கடந்தது. கேபிளுக்குக் கட்டுவது தனி. இணைய இணைப்பிற்குக் கட்டுவது தனி. மைத்துனர் நெடுநேரம் பேசவில்லை. மூத்த மகளின் தட்டச்சு வகுப்பிற்குப் பணமில்லை என்று சென்ற ஆண்டு தாம் சொன்னதை நினைத்திருப்பார் போலும்.

இவ்வளவும் கை நழுவிப் போனதன் காரணம் எளியது. இந்திய ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் நடைமுறைப்படுத்திய ஏற்பாட்டின்படி, தானாகக் கழிக்கப்படும் தொகைபற்றி இருபத்துநான்கு மணி நேரத்திற்கு முன்னரே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு வந்தாக வேண்டும். குறிப்பிட்ட வரம்புக்குட்பட்ட தொகையாயின் ஒவ்வொரு முறையும் இரகசிய எண் கேட்கப்படமாட்டாது. தொடக்கத்தில் 5,000 ரூபாயாக இருந்த அவ்வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆக உயர்ந்தது. சந்தாத் தொகை எதுவும் அவ்வரம்பைத் தொடுவதில்லை. எனவே நம்மைக் காப்பது அந்த ஒரு குறுஞ்செய்தி மட்டுமே. அதையோ நாம் விளம்பரச் செய்திகளோடு சேர்த்துத் தள்ளிவிடுகிறோம். என் வீட்டிலும் இது நடந்தது. ஒரு மாதம் இலவசம் என்று சேர்ந்த சேவையொன்றுக்குப் பதினான்கு மாதம் பணம் போய்க்கொண்டிருந்ததை நான் கண்டுபிடித்தபோது, அதில் ஒரு படங்கூட முழுமையாகப் பார்த்திருக்கவில்லை. ஆகவே நடுவர் நாற்காலியில் அமரும் தகுதி எனக்குக் குறைவுதான்.

வீட்டிற்குள் திரைப்படம் வந்து சேர்ந்த வரலாற்றை நம் வயதினர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கியது. எண்பதுகளில் டெக்கும் மூன்று கேசட்டும் ஓர் இரவு வாடகைக்கு வரும். தெருவே கூடத்தில் அமர்ந்து விடியும்வரை பார்க்கும். மறுநாட் காலை டெக் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனதுதான் அதன் நற்குணம் என்று இப்போது தோன்றுகிறது. 1993இல் சன் தொலைக்காட்சி வந்த பிறகு எதுவும் திரும்பிப் போகவில்லை.

புதிய திரைப்படத்தை நேரே வீட்டிலேயே விற்பது என்னும் எண்ணத்தைத் தமிழில் முதலில் பெரிதாகக் கிளப்பியது 2013 தொடக்கத்தில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்'. டிஷ் வழியாக ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் முன்கூட்டியே ஒளிபரப்பப் போவதாக அவர் அறிவித்ததும் திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தனர். அத்திட்டம் கைவிடப்பட்டது. அதே படத்தில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட முறைபற்றி நம் அமைப்புகள் எழுப்பிய எதிர்ப்பும், தமிழக அரசின் தடையும், சில இடங்களில் ஒலி நீக்கப்பட்டுப் பிப்ரவரி 7இல் படம் வெளியானதும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அன்று ஊர் முழுதும் ஒரே படத்தைப்பற்றிப் பேசியது, சண்டையிட்டது, முடிவில் ஓர் உடன்பாட்டிற்கு வந்தது. இன்று அதுபோன்ற படம் ஒன்று நள்ளிரவில் ஓசையின்றி நம் கூடத்தில் இறங்கிவிடுகிறது. நம் பிள்ளை அதைப் பார்த்தானா இல்லையா என்பதே நமக்குத் தெரிவதில்லை. எதிர்த்து நின்ற காலத்தைவிட இது கடினமான காலம். ஆயின் இதற்கு மருந்து எல்லாவற்றையும் அறுத்தெறிவதே என்னும் என் மைத்துனரின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஏற்காமைக்குக் காரணம், இந்தத் தளங்களில் வந்தவற்றுள் சில, நம் இல்லங்களுக்கு வந்தே தீரவேண்டியவை.

முதலில் அமேசான் பிரைமை எடுத்துக்கொள்கிறேன். 2016 டிசம்பரில் இந்தியாவிற்கு வந்த இத்தளம், கொரோனா முடக்கத்தின்போது தமிழ்த் திரையுலகின் கொட்டகையாகவே மாறிற்று. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக இதில் வெளியானது. தொடர்ந்து அவ்வாண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை', நவம்பரில் 'ஜெய் பீம்'. இவற்றுள் 'ஜெய் பீம்' படத்தைப்பற்றிச் சற்று நிற்க வேண்டும். காவற்கூடத்தில் காணாமற் போன இருளர் ஒருவருக்காக அவர் மனைவி நடத்திய போராட்டமும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு 1993இல் நடத்திய வழக்கும் அதன் அடிப்படை. செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் பேசாமல் நிற்கும் இடங்கள், சூர்யா பேசும் இடங்களைவிட வலிமையானவை. படத்தின் குறையும் அங்கேயே இருக்கிறது. பாதிக்கப்பட்டவளின் கதை மெல்ல மெல்ல மீட்பவனின் கதையாகிவிடுகிறது. அடிக்கும் காட்சிகளின் நீளமும் கலைக்குத் தேவையான அளவைக் கடந்தது. சிறுவரை அருகில் வைத்துக்கொண்டு பார்க்கத்தக்கதன்று. எனினும் பாலாற்றங்கரையோரங்களில் இருளர் குடியிருப்புகளைத் தாண்டித் தாண்டிப் போகும் நமக்கு, அங்கே வாழ்வோர் மனிதர் என்பதை நினைவூட்ட ஒரு படம் தேவைப்பட்டது வெட்கத்திற்குரிய உண்மையே.

இதே தளத்தில் 2020 அக்டோபர் 15இல் வெளியான மலையாளப் படம் 'ஹலால் லவ் ஸ்டோரி'. ஸக்கரியா இயக்கியது. முன்னர் 2018இல் 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' எடுத்தவர். மார்க்க ஈடுபாடுடைய இளைஞர் சிலர், தம் கொள்கைக்கு முரணில்லாத திரைப்படம் ஒன்றை எடுத்துவிட வேண்டுமென்று ஆசைப்படுகிறார்கள். கணவன் மனைவியாக நடிப்பவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. அத்தகைய தம்பதியர் ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். நடிப்புப் பயிற்சியில், இத்தனை ஆண்டு வீட்டில் சொல்லாததையெல்லாம் மனைவி சொல்லத் தொடங்குகிறாள். கணவனாக இந்திரஜித்தும் மனைவியாகக் கிரேஸ் ஆண்டனியும் நடித்திருக்கிறார்கள்.

நம்மைப்பற்றி எடுக்கப்படும் படங்களில் நாம் இரண்டு வகையாகத்தான் வருவோம்: வெடிகுண்டோடு ஒரு வகை, பிரியாணியோடு ஒரு வகை. இப்படத்தில் நாம் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம், சின்னச் சின்னதாகச் சண்டையிடுகிறோம், பணத்திற்கு அலைகிறோம். அதாவது நாம் இருக்கிறபடியே இருக்கிறோம். ஸக்கரியா நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆனால் வெளியில் நின்று சிரிக்கவில்லை, பாயின் மறுமுனையில் அமர்ந்து சிரிக்கிறார். கதையின் கடைசிப் பகுதியில் எல்லா முடிச்சுகளும் சற்று எளிதாகவே அவிழ்ந்துவிடுகின்றன என்பது என் குறை. சனிக்கிழமை இரவு இஷாவுக்குப் பின் தங்கை வீட்டில் இதனைப் பார்த்தோம். படம் முடிந்ததும் மைத்துனர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு சொன்னது சரிதானே" என்றார். என் தங்கை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததன் பொருள் அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

தமிழில் இத்தகைய படம் ஏன் இல்லை? தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' பல மொழிகளுக்குச் சென்றிருக்கிறது. எழுத்தில் நம் வீட்டின் உட்கட்டுவரை வந்துவிட்டோம்; திரையில் இன்னும் வாசற்படியில் நிற்கிறோம். ஆண்டிற்கு இவ்வளவு பணம் நம் சமுதாயத்து இல்லங்களிலிருந்தும் இத்தளங்களுக்குச் செல்கிறது. அதற்கேற்பக் கேட்கவாவது செய்கிறோமா என்பது என் கேள்வி.

பிரைமின் விலை வரலாறு தனிக்கதை. 2017இல் 999 ரூபாயாக இருந்த ஆண்டுச் சந்தா 2021 டிசம்பரில் 1,499 ஆயிற்று. 2025 ஜூன் 17 முதல் படங்களுக்கிடையே விளம்பரங்களும் புகுந்தன. விளம்பரம் வேண்டாமெனில் ஆண்டிற்கு மேலும் 699 ரூபாய் கட்டவேண்டும் என்று அறிவித்தார்கள். காசு கொடுத்துக் கொட்டகைக்குள் வந்தவனிடம், திரையை மறைக்காதிருக்க இன்னொரு காசு கேட்பது போன்றது இது. ஆயினும் நல்ல தமிழ்ப் படங்களின் தொகுப்பும், கடைச் சாமான்களை வீட்டிற்கு அனுப்பும் சலுகையும் அதே சந்தாவில் அடங்கியிருப்பதால், தங்கை வீட்டைப் பொறுத்தவரை ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ளத்தக்கது இது ஒன்றே என்று எழுதிக் கொடுத்தேன். விளம்பரம் வரும் வேளையில் எழுந்து கைகால் நீட்டலாம். மேற்கொண்டு 699 தரவேண்டியதில்லை.

நெட்பிளிக்ஸ் தொழில் நேர்த்தியில் முதலிடத்தில் நிற்பது. அமெரிக்காவில் 1997இல் தபால் வழியே குறுந்தகடு வாடகைக்கு அனுப்பும் நிறுவனமாகத் தொடங்கி, 2007இல் இணையவழிக் காட்சிக்கு மாறி, 2016 ஜனவரியில் இந்தியாவிற்கு வந்தது. தமிழுக்கென்று அது எடுத்தவற்றில் மனம் நிறையவில்லை. 2021 ஆகஸ்டில் வந்த 'நவரசா'வில் ஒன்பது கதைகள். கொரோனாவால் நலிந்த திரைத் தொழிலாளருக்கு உதவ எடுக்கப்பட்டதென்பதால் அதன் நோக்கத்தை வாழ்த்தலாம். கதைகளை வாழ்த்த இயலவில்லை. அதே ஆண்டில் விஜய் தொலைக்காட்சியில் வெளியாகிப் பின் இத்தளத்திற்கு வந்த 'மண்டேலா' முற்றிலும் வேறு. மடோன் அஸ்வின் இயக்கியது. ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்க, முடிவு ஒரு முடிதிருத்துவோனின் ஒற்றை வாக்கில் தொங்குகிறது. யோகி பாபு அழவும் செய்வார் என்பதை நான் அப்படத்தில்தான் அறிந்தேன். முழுக் குடும்பமும் பார்க்கலாம். உள்ளாட்சித் தேர்தல் நெருங்கும் ஊர்களில் கட்டாயம் பார்க்கலாம்.

இத்தளத்தில் நமக்குப் பாடம் தந்த செய்தி ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் 'பாலஸ்தீனக் கதைகள்' என்ற பெயரில் 32 திரைப்படங்களை அது வெளியிட்டது. அப்போது நம்மில் பலர் மகிழ்ந்து ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொண்டோம், பார்க்கத்தான் இல்லை. 2024 அக்டோபரில் அவற்றுள் பெரும்பான்மை மறைந்துவிட்டன. மூன்றாண்டு உரிமம் முடிந்தது என்பது நிறுவனம் சொன்ன விளக்கம். விளக்கம் உண்மையாகவே இருக்கட்டும். சந்தா என்பது நூல் வாங்குவதன்று, வாடகைக்குக் குடியிருப்பது. வாடகை வீட்டின் அலமாரியை நம்பி எதையும் பிறகு பார்க்கலாமென ஒதுக்கிவைக்கலாகாது. 1948இல் நிகழ்ந்த பேரழிவை ஒரு சிறுமியின் கண்வழிக் காட்டும் 'ஃபர்ஹா' என்னும் ஜோர்டான் படம் 2022 டிசம்பர் முதல் நாளில் அங்கே வந்தது. பார்க்க எண்ணுவோர் இன்றே பார்க்கட்டும். குழந்தைகளுக்கானதன்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே நெட்பிளிக்சுக்கு ஆண்டு முழுதும் 499 கொடுப்பது வீண்விரயம் என்றே கருதுகிறேன். 2021 டிசம்பரில் அது விலையைக் குறைத்தபோது, கைபேசிக்கு மட்டும் 149, தொலைக்காட்சியிலும் பார்க்கத்தக்க அடிப்படைத் திட்டம் 199 என்று வகுத்தது. காட்சித் தெளிவு சற்றுக் குறையும். ஒரு நேரத்தில் ஒரு திரையில் மட்டுமே ஓடும். ஒரே திரையில் ஓடுவதைக் குறையென்று சொன்னவன் என் மருமகன். அதுவே அதன் நிறையென்று நான் சொன்னேன். நால்வர் நான்கு அறைகளில் நான்கு படம் பார்ப்பதற்காகவா ஒரு கூரையின்கீழ் வாழ்கிறோம்? ஆண்டில் இரண்டு மாதம், பார்க்கவேண்டியவற்றை முன்னரே குறித்துவைத்துக்கொண்டு, 199 கட்டினால் போதும்.

ஜியோஹாட்ஸ்டாரைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் 2025 பிப்ரவரி 14இல் ஒன்றாகி இப்பெயர் பெற்றன. கிரிக்கெட்டும் விஜய் தொலைக்காட்சித் தொடர்களும் அதன் உயிர். தொடர்கள் கேபிளிலேயே வருகின்றன. கிரிக்கெட் நடப்பதோ மூன்று மாதம். 2025இல் அது அறிவித்த 'சூப்பர்' திட்டம் மூன்று மாதத்திற்கு 299. இவ்வளவே. மாரி செல்வராஜின் 'வாழை' 2024 அக்டோபரில் அங்கே வந்தது என்பதை மட்டும் குறிக்கிறேன். வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கழுத்து வலியை, புத்தகப்பை கனமென்று முறையிடும் நம் பிள்ளைகள் ஒருமுறை பார்க்கலாம்.

இனி, இவ்வழக்கில் நான் எதிர்பாராத சாட்சி ஒருவர் வந்தார். தங்கை வீட்டிற்கு அடுத்த வீட்டில் தறி இருக்கிறது. காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்து கொடுக்கும் குடும்பம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும் சேலை. கணவர் குழியில் கால் வைத்து அமர்ந்திருக்க, கரைப்பக்கத்து நாடாவை மனைவி எடுத்துக் கொடுக்கிறார். தறிக்காலில் கைபேசி சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதில் ஏதோ ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. இருவரில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. "பாத்தா பூ தப்பிடும் பாய். காதுல விழுந்தா போதும்" என்றார் அவர்.

இந்த ஒரு சொல் என் அளவுகோலையே மாற்றிவிட்டது. நாம் மதிப்புரை எழுதும்போது காட்சியமைப்பு, ஒளிப்பதிவு என்கிறோம். நம் இல்லங்களில் உண்மையில் படம் பார்ப்போர் யார்? அடுப்படியில் நிற்பவள், பீடி சுற்றுபவள், தைப்பவள், கண்புரை கண்ட மூதாட்டி. இவர்கள் படம் கேட்கிறவர்கள். எழுத்துவரி ஓடும் வேற்றுமொழித் தொடர் இவர்களுக்குப் பயன்படாது. தமிழ்க்குரல் கொடுக்கப்பட்டிருந்தாலும் அக்குரல் மனிதர் பேசும் தமிழாக இருக்கவேண்டும். பல தொடர்களில் அது விளம்பரத் தமிழாகவே இருக்கிறது. எனவே ஒரு சந்தாவின் மதிப்பை அளக்க, திரைக்கு முதுகு காட்டி அரைமணி நேரம் அமர்ந்து கேளுங்கள். கதை விளங்குகிறதா, பேச்சில் உயிர் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலுக்கும் எல்லை உண்டு. சோனிலிவ்வில் 2022இல் வந்த மணிகண்டனின் 'கடைசி விவசாயி'யையும், 2023 அக்டோபரில் வந்த வினோத்ராஜின் 'கூழாங்கல்'லையும் கேட்டு அறிய இயலாது. பின்னதில் வெயிலும் நடையுமே கதை. ரோட்டர்டாமில் 2021ஆம் ஆண்டின் புலி விருது பெற்ற படம். இவ்விரண்டையும் வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு அமர்ந்து பார்க்கவேண்டும். அதற்கு ஒரு மாதச் சந்தா போதும். பன்னிரண்டு மாதம் தேவையில்லை. நெசவாளரிடம் 'காஞ்சிவரம்' பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பிரியதர்சன் இயக்கத்தில் பிரகாஷ்ராஜ் பட்டு நெசவாளியாக நடித்து, சிறந்த படத்திற்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருது பெற்ற படம். மகள் திருமணத்திற்கு ஒரு பட்டுச்சேலை நெய்ய ஆசைப்பட்டவனின் கதை. பெயரே கேள்விப்பட்டதில்லை என்றார். 'உங்களுக்காக' என்று பரிந்துரைப் பட்டியல் தயாரிக்கும் பொறிகளுக்கு, நேற்று வந்தது தெரியும். தறிக்காலில் சாத்தியிருக்கும் கைபேசி எந்தத் தறியினுடையது என்பது தெரியாது.

அவர் கைபேசியில் ஓடியது என் மைத்துனரின் சந்தா என்பது பிறகு தெரியவந்தது. கடவுச்சொல்லை அவரே கொடுத்திருக்கிறார். "அண்டை வீட்டுக்காரருக்கு உரிமை இல்லையா?" என்று என்னையே மடக்கினார். உரிமை உண்டு, அது நம் பொருளின்மீது உண்டு, மூன்றாமவர் பொருளின்மீது அன்று. நெட்பிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் ஒரு கணக்கு ஒரு வீட்டாருக்கே என்று வெளிப்படையாக அறிவித்தது. நிறுவனம் பெரிது, நாம் சிறியவர் என்பதனால் ஒப்பந்தம் மாறிவிடுவதில்லை. அவர் வீட்டிற்கு ஆண்டில் ஒரு மாதச் சந்தாவை அன்பளிப்பாகக் கட்டிவிடுங்கள், முறையாகவும் இருக்கும் என்றேன். மைத்துனர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு மாதத்திற்கு நான் பரிந்துரைத்தது ஜீ5. ஒரே ஒரு தொடருக்காக. முத்துக்குமார் இயக்கத்தில் 2023 ஜனவரி 26இல் வெளியான 'அயலி'. எட்டுப் பகுதிகள். வயதுக்கு வந்த பெண் பள்ளி செல்லக்கூடாது, உடனே மணமுடிக்கவேண்டும் என்று வழக்கமுள்ள ஒரு சிற்றூரில், எட்டாம் வகுப்புச் சிறுமி தமிழ்ச்செல்வி மருத்துவராக விரும்புகிறாள். ஆதலால் தான் பெரியவளானதையே மறைத்துவிடுகிறாள். இதில் மிகச் சிறந்த பாத்திரம் தாய் என்பேன். மகளின் பொய்யை முதலில் அஞ்சி, பிறகு காவல்காத்து, அக்காவலிலேயே அவள் துணிவு பெறுகிறாள். ஊர் ஆண்கள் சிலரை வெறும் கோமாளிகளாக்கியது எழுத்தின் சோர்வு. நம் ஊர்களிலும் பெண் பிள்ளையின் படிப்பை எட்டிலும் பத்திலும் நிறுத்திய காலம் தொலைதூரத்தில் இல்லை. அதைச் செய்தவர்கள் கோமாளிகளாக இருக்கவில்லை, அன்பான தகப்பன்மார்களாகவே இருந்தார்கள். அந்த உண்மையைத் தொட்டிருந்தால் தொடர் இன்னும் உயர்ந்திருக்கும். ஆயினும் பேச்சு முழுதும் புதுக்கோட்டைப் பக்கத்து உயிருள்ள பேச்சு. தறிமேல் கண் இருந்தாலும் காதில் முழுமையாக விழும்.

பிள்ளைகளைப்பற்றி மைத்துனர் அஞ்சியதில் நியாயம் உண்டு. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வகுத்த விதிகளின்படி, ஒவ்வொரு படைப்பும் அனைவருக்கும், 7, 13, 16 வயதுக்கு மேற்பட்டோர்க்கு, வயதுவந்தோர்க்கு என ஐந்தாகப் பிரிக்கப்படவேண்டும். 13க்கு மேற்பட்டவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தரப்படவேண்டும். பூட்டு எல்லாத் தளங்களிலும் இருந்தது. அவ்வீட்டில் ஒன்றிலும் பூட்டப்பட்டிருக்கவில்லை. ஐந்திலும் எண் வைத்துப் பூட்ட எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானே தொடங்கும் ஏற்பாட்டையும் அமைப்புப் பக்கத்தில் நிறுத்திவைத்தேன். தம் போட்டியாளன் மக்களின் தூக்கமே என்று நெட்பிளிக்சின் தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல் சொன்னார். ஃபஜ்ருக்கு எழவேண்டிய வீடுகள் அந்தப் போட்டியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

கணக்கை மீண்டும் போட்டோம். பிரைம் 1,499; நெட்பிளிக்ஸ் இரண்டு மாதத்திற்கு 398; கிரிக்கெட் பருவத்திற்கு 299. ஆக 2,196 ரூபாய். சோனிலிவ்வும் ஜீ5உம் ஆண்டிற்கு ஒவ்வொரு மாதம், தேவை எழும்போது. ரமலானில் எதுவும் புதுப்பிப்பதில்லை. இதனைத் தங்கை ஒரு தாளில் எழுதி அரிசி டப்பாவிற்கு மேலே ஒட்டினாள். மருமகன் ஒரு திரைக்கு இன்னும் உடன்படவில்லை. வெள்ளிக்கிழமை இரவுகள் அவன் தேர்வு என்று சலுகை தரப்பட்டது.

மைத்துனரின் தாயாரிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். நாகூர் ஹனீபாவின் பாட்டு வேண்டும் என்றார். அதற்குச் சந்தா எதுவும் வேண்டாம், யூடியூபிலேயே இலவசமாகக் கேட்கலாம் என்று போட்டுக் காட்டினோம். "இத்தன நாளா ஏம்ப்பா சொல்லல?" என்றார். மகன் தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிறு மாலை அஸருக்குப் பின் புறப்பட்டேன். பாலாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியபோது கைபேசியில் குறுஞ்செய்தி வந்தது: நாளை என் கணக்கிலிருந்து 299 ரூபாய் கழிக்கப்படும் என்று. எந்தச் சேவைக்கு என்று முதன்முறையாக நின்று நிதானித்துப் படித்தேன்.